வசந்த வேட்டையில் கருங்கரடி கண்ணில் படவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

மே மாதம் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரித் தொலைபேசி அழைப்புகள் வரும். "அண்ணை, மூண்டு கிழமையாப் போறன், ஒரு கரடியும் காணேல்லை. இடம் பிழை போல." இடத்தைப் பற்றி நான் உடனே வாய் திறக்க மாட்டேன். எத்தனை மணிக்குப் போனீர், எந்த உயரத்தில் நின்றீர், ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர் என்று மூன்று கேள்வி கேட்பேன். பதில் சொல்லச் சொல்லவே எங்கே தவறியது என்பது பெரும்பாலும் அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

நான் இருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உள்நாட்டில், கம்லூப்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில். இந்த மாகாணத்தில் கருங்கரடிகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதாக மதிப்பீடு. ஆகவே "இங்கே கரடியே இல்லை" என்ற முடிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரடிக்குத் தீனி வைத்துக் காத்திருப்பது இங்கே சட்டவிரோதம். எதிர்ச் சரிவில் உட்கார்ந்து தொலைநோக்கியால் தேடுவதும், கண்டால் நடந்து நெருங்குவதும்தான் முறை. ஒன்ராறியோவில் கதை வேறு. அங்கே வசந்த வேட்டை 1999-இல் நிறுத்தப்பட்டு, 2014-இல் சோதனையாகத் திரும்பி, 2021-இல் நிரந்தரமானது. தீனி வைத்துக் காத்திருப்பது அங்கே வழக்கம். ரொறன்ரோ நண்பர்களுக்கு நான் சொல்வதில் பாதிதான் உதவும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காடுகளில் இருப்பது வேறு இனம். கறையான் புற்றைத் தோண்டித் தின்னும் அந்தக் கரடி குளிர்காலம் முழுக்க உறங்குவதும் இல்லை, அதை வேட்டையாட எந்தச் சட்டமும் இடம் தருவதும் இல்லை.

கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் காகித வேலை: கோர் என்ற வேட்டைக்காரர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், துப்பாக்கி உரிமம் வேண்டும், அந்த ஆண்டின் வேட்டை உரிமமும் கருங்கரடிக்கான தனி உரிமமும் வேண்டும். வெளிமாகாணத்தவர், வெளிநாட்டவர் என்றால் வழிகாட்டியோ, அதற்கென அனுமதி பெற்ற இந்த மாகாணத்தவரோ கூட வராமல் போக முடியாது. வசந்தப் பருவம் பெரும்பாலான பகுதிகளில் ஏப்ரல் 1-இல் திறந்து ஜூன் நடுவிலோ கடைசியிலோ முடியும். பகுதிக்குப் பகுதி மாறும் என்பதால் மாகாண அரசின் விதிக் கையேட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

அறிகுறி: ஏப்ரல் முழுக்கப் போனேன், தடம்கூட இல்லை

கரடி இன்னும் உறக்கத்தில் இருக்கிறது, அல்லது எழுந்தும் எழும்பாமல் கிடக்கிறது. முதலில் வெளியே வருபவை வளர்ந்த ஆண்கள். பிறகு தனிப் பெண்களும் இளசுகளும். ஜனவரியில் குகைக்குள்ளேயே குட்டி போட்ட தாய்கள் கடைசியாக வரும். சில மே மாதம்வரை வாசலைத் தாண்டுவதில்லை. வெளியே வந்த கரடியும் முதல் இரண்டு வாரம் அதிகம் தின்பதில்லை. ஐந்தாறு மாதம் வெறும் கொழுப்பில் ஓடிய உடம்பு ஒரே நாளில் மாறிவிடாது. குகைக்குப் பக்கத்தில் வெயிலில் கிடக்கும், கொஞ்சம் நடக்கும், மறுபடி படுக்கும். அதைத் தேடி நீங்கள் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்தால் கால்தான் வலிக்கும்.

சோதிக்க வேண்டியது பனி. மாகாணத்தின் ஆற்று முன்னறிவிப்பு மையம் குளிர்காலத்திலிருந்து ஜூன்வரை பனி அளவு அறிக்கைகளை வெளியிடுகிறது. அதில் உங்கள் வடிநிலத்தில் பனி வழக்கத்தைவிட அதிகம் என்று இருந்தால், உங்கள் திட்டத்தை ஒன்றிரண்டு கிழமை தள்ளிப் போடுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். மேகம் இல்லாத நாளின் படத்தைத் திறந்தால் பனிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எனக்கு இதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. கம்லூப்ஸ் மலைச்சரிவுகளில் பால்சம்ரூட் என்ற மஞ்சள் பூ, குட்டிச் சூரியகாந்தி மாதிரி, கூட்டம் கூட்டமாகப் பூக்கும். அது பூக்கும்வரை நான் விடுமுறை கேட்பதில்லை.

ஏப்ரலிலேயே போயாக வேண்டுமென்றால் தாழ்ந்த உயரத்தில், தெற்குப் பார்த்த சரிவை மட்டும் பாருங்கள். நாம் வீடு வாங்கும்போது வாசல் கிழக்கா வடக்கா என்று கேட்போம். கரடிக்கு இந்த மாதத்தில் தெற்கு வாசல்தான் ராசி. வெயில் அங்கே முதலில் விழுகிறது, பனி அங்கே முதலில் உருகுகிறது, புல் அங்கே முதலில் முளைக்கிறது.

அறிகுறி: மலையெல்லாம் பச்சை, கரடி மட்டும் இல்லை

அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. முற்றிய புல்லையும் வைக்கோலையும் அசைபோட்டு, நொதிக்க வைத்துச் சத்தை எடுத்துவிடும். கரடி புல் தின்றாலும் அதன் குடல் இறைச்சி தின்னும் விலங்கின் குடல். அசைபோடும் வயிறு கிடையாது, நார்ச்சத்தை உடைக்கும் வசதி இல்லை. ஆகவே அதற்கு வேண்டியது நாலு விரல் உயரத்தில் இருக்கும் இளம் தளிர். புரதம் அதிகம், நார் குறைவு. புல் தண்டு விட்டுக் கதிர் எடுக்கத் தொடங்கியதும் அந்த இடம் கரடிக்கு முடிந்துபோன கடை. நமக்கு அழகாகத் தெரியும் அடர்பச்சை, கரடியின் கணக்கில் முற்றல்.

தளிர் பனிக்கோட்டின் பின்னாலேயே மலையேறும். பள்ளத்தாக்கின் அடி கம்லூப்ஸில் ஏறத்தாழ 350 மீற்றர் உயரம். மே தொடக்கத்தில் நல்ல இளம்பச்சை அதற்குச் சற்று மேலே இருக்கும். ஜூன் தொடக்கத்தில் அது 1,500 மீற்றரை எட்டியிருக்கும். சென்ற ஆண்டு மே 10 அன்று கரடி கண்ட அதே வளைவில் இந்த ஆண்டும் மே 10 அன்று நின்றால், பனி குறைந்த ஆண்டில் நீங்கள் இரண்டு கிழமை பிந்திவிட்டீர்கள். தேதியைக் குறித்து வைக்காதீர்கள். பனிக்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே கண்டீர்கள் என்று குறித்து வையுங்கள். என் குறிப்பேட்டில் பெரும்பாலான கரடிகள் பனிக்கோட்டுக்கு 150 முதல் 300 மீற்றர் கீழேதான் இருக்கின்றன.

உயரம் சரியென்றால் அடுத்து மெனு. எந்தப் பச்சை என்று பாருங்கள். டேன்டிலயன் என்ற மஞ்சள் பூச்செடி, குளோவர் என்ற மூவிலைப் பூண்டு, குதிரைவால் பூண்டு, ஈரமான இடத்துக் கோரை, புதுப்புல், இவைதான் இங்கே முக்கியம். குளோவரும் புல்லும் எங்கே நிறைய இருக்கும்? மரக் கம்பெனிகள் வெட்டி முடித்து மூடிவிட்ட பழைய காட்டுப் பாதைகளில். மண் அரிக்காமல் இருக்கப் பாதையின் மேல் விதை தூவிவிட்டுப் போகிறார்கள். மூன்று நான்கு ஆண்டில் அது கரடிக்கு நீளமான சாப்பாட்டு மேசை. பாதையைக் குறுக்கே வெட்டியிருப்பதால் பிக்கப் வண்டி போகாது. மலைச் சைக்கிளில் போனால் சத்தமே இல்லாமல் ஆறேழு கிலோமீற்றர் உள்ளே போய்விடலாம். நான் வாங்கிய வேட்டைச் சாமான்களில் பயன் அதிகம் தந்தது அந்தப் பழைய சைக்கிள்தான்.

மரம் வெட்டிய பரப்புகள், மின்கம்பி செல்லும் வெட்டுப் பாதைகள், பனிச்சரிவு வழித்துவிட்டுப் போன தடங்கள், காட்டுத்தீயில் எரிந்த சரிவுகள், எல்லாம் பார்க்கத் தகுந்தவை. கரையோரத்தில் வேட்டையாடுபவர்களுக்கு ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துக் கோரைப்புல் மைதானம்.

மரத்தின் மேலே பார்க்கத் தயவுசெய்து மறக்காதீர்கள். ஆஸ்பன் மரம் பூங்கொத்து விடும் சில நாட்களில் கருங்கரடி கிளையில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருக்கும். கீழே இருக்கும் புல்வெளியை ஒரு மணி நேரம் சலித்துவிட்டு, தலைக்கு மேல் கறுப்பாக இருந்ததைப் பருந்துக் கூடு என்று நினைத்தவன் நான். வெள்ளைப் பட்டையில் பழைய நகக்கீறல்கள் கறுத்துத் தழும்பாக இருந்தால் அந்தத் தோப்பைக் குறித்து வையுங்கள்.

மே கடைசிக்கு மேல் தெற்குச் சரிவை விட்டுவிடுங்கள். இந்த ஊர் வறண்ட ஊர். தெற்குப் பக்கம் அதற்குள் காய்ந்து பழுப்பாகிவிடும். ஈரமான ஓடைப் பள்ளம், கிழக்குப் பக்கம், பிறகு வடக்குப் பக்கம் என்று மாறிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் ராசியாக இருந்த வாசல் ஜூனில் ராசி இல்லை.

அறிகுறி: எச்சம் இருக்கிறது, தடம் இருக்கிறது, ஆளைக் காணோம்

எச்சத்தைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். எப்போதையது என்று முதலில் பாருங்கள். புல் தின்ற கரடியின் எச்சம் புதிதாக இருக்கும்போது பச்சை நிறம், வெட்டிய புல் வாசனைதான் அடிக்கும், நாற்றம் குறைவு. வெளிப்பக்கம் சீக்கிரமே கறுத்துவிடும், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு குச்சியால் உடைத்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரும் காய்ந்த இலையும் சேர்ந்து கட்டியாக இறுகிய ஒன்று கிடைத்தால் நல்ல செய்தி. குளிர்காலம் முழுக்கக் குடலை அடைத்திருந்தது அது; குகை தூரத்தில் இல்லை.

ஒரேயொரு எச்சம் என்றால் வழிப்போக்கர். ஐம்பது அடிக்குள் பழசும் புதுசுமாக ஆறேழு என்றால் வாடிக்கையாளர். இரண்டாவது வகை இடத்தில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். டேன்டிலயன் தலைகள் கடிபட்டிருக்கின்றனவா, உக்கிய மரம் எறும்புக்காகக் கிழிக்கப்பட்டிருக்கிறதா, கல் புரட்டப்பட்டு அடியில் ஈரம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பாதையோரச் சேற்றில் முன்பாதத் தடம் கிடைத்தால் அகலத்தை அளங்கள். அங்குலத்தில் வரும் எண்ணோடு ஒன்று கூட்டினால் தோலின் அளவு ஏறத்தாழ எத்தனை அடி என்று வரும் என்பது இங்கே பழைய கைக்கணக்கு. 5 அங்குலப் பாதம் என்றால் 6 அடிக் கரடி, நல்ல ஆண். 4-க்குக் கீழே என்றால் பெண்ணோ இளசோ.

இவ்வளவும் இருந்து ஆள் இல்லையென்றால் இரண்டே காரணம். ஒன்று, நீங்கள் காலையில் போகிறீர்கள். மான் வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பத்து மணிக்குக் களைத்து, பகல் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பார்கள். வசந்தக் கரடிக்குக் காலைக் குளிரில் எழுந்திருக்க அவசரம் இல்லை. பின்னேரம் மூன்று மணியிலிருந்து இருட்டும்வரைதான் கூடுதலாக வெளியே நிற்கும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம்வரை இங்கே வேட்டை சட்டபூர்வம், ஆனால் அந்தக் கடைசி மங்கலில் கறுப்பு விலங்கைச் சரியாகப் பார்த்துச் சுட முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டு, நீங்கள் எச்சம் கிடந்த இடத்திலேயே நடந்து திரிந்து, கால் வாசனையைப் பாய் விரித்த மாதிரி விரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அடுத்த முறை எதிர்ச் சரிவில் உட்காருங்கள். மூன்று பின்னேரம் கொடுங்கள். ஒரு பின்னேரத்தில் முடிவெடுக்காதீர்கள்.

அறிகுறி: தொலைநோக்கியில் தெரிவதெல்லாம் அடிக்கட்டை

2017-இல் ஆஷ்கிராஃப்ட் பக்கத்தில் தொடங்கிய எலிஃபன்ட் ஹில் தீ ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. 2021-இல் ஸ்பார்க்ஸ் லேக், வைட் ராக் லேக் என்று இன்னும் இரண்டு பெரிய தீ. தீ போன இடத்தில் வெளிச்சம் விழுந்து, புல்லும் பூண்டும் முளைத்துக் கரடிக்கு விருந்து. வேட்டைக்காரனுக்கு அங்கே ஒரே தொல்லை: சரிவு முழுக்கக் கரடி அளவில், கரடி நிறத்தில், கரடி உட்கார்ந்த மாதிரியே ஆயிரக்கணக்கான கருகிய கட்டைகள்.

அப்படி ஒரு சரிவில் ஒரு கட்டையை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். காது தெரிந்தது. மூக்கு தெரிந்தது. ஒரு கட்டத்தில் தலை திரும்பியதுகூடத் தெரிந்தது, சத்தியமாக. என்னோடு வந்தவர் அமைதியாகச் சொன்னார்: "அதுக்கு வலப்பக்கம் நூறு மீற்றர் பார்." அங்கே நிஜக் கரடி ஒன்று முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். அரை மணி நேரமாம்.

அதன்பின் நான் பின்பற்றும் முறை: தொலைநோக்கியைக் கையில் பிடிப்பதை விட்டுவிட்டேன். பத்து மடங்கு பெரிதாக்கும் 10x42 போதும், ஆனால் முக்காலியில் பூட்டியிருக்க வேண்டும். கை நடுங்கும்போது உலகமே அசைகிறது; எது கரடியின் அசைவு என்று எப்படித் தெரியும்? சந்தேகமான கறுப்புப் புள்ளிகள் இருக்கும் பகுதியைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறேன், பதினைந்து நிமிடம் கழித்து அதே இடத்திலிருந்து ஒத்துப் பார்க்கிறேன். மேயும் கரடி மாடு மாதிரி, தலை குனிந்தபடி நாலு அடி நகரும், நிற்கும், மறுபடி நகரும். பதினைந்து நிமிடத்தில் இடம் மாறாத புள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். படுத்திருக்கும் கரடிக்கு இது பொருந்தாது என்பது உண்மைதான். அதற்கு மருந்து காத்திருப்பு மட்டுமே.

நிறமும் உதவும். கருகிய மரம் வெளிச்சத்தை விழுங்கும், மங்கிக் கிடக்கும். கரடி மயிர் சாய்ந்த வெயிலில் பளபளக்கும், எண்ணெய் தேய்த்த தலைமுடி மாதிரி. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்த வேறுபாடு ஒரு கிலோமீற்றரிலிருந்தே தெரியும்.

ஒரு மேட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருங்கள். வெயில் கடுமையான நாட்களில் கறுப்புத் தோலோடு வெளியில் நிற்பது கரடிக்கே தாங்காது, மர நிழலுக்குள் போய்விடும். அப்போது திறந்தவெளியைப் பார்ப்பதை விட்டு, காடு தொடங்கும் விளிம்பையும் தண்ணீர் ஓடும் பள்ளத்தையும் பாருங்கள்.

அறிகுறி: கண்டேன், நெருங்குவதற்குள் போய்விட்டது

பெரும்பாலும் காற்று. கரடிக்கு மூக்குதான் எல்லாம். கண்ணும் மோசமில்லை, ஆனால் அசையாமல் நின்றால் மன்னித்துவிடும், மூக்கு மன்னிக்காது.

மலையில் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை இருக்கிறது. இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். வெயில் சரிவைச் சுட்டதும் மேலே ஏறும். பின்னேரம் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். பகலில் மேலேயிருந்து நெருங்குவது சரி, உங்கள் வாசனை உங்களுக்கு மேலே போய்விடும். ஆனால் நிழல் விழும் நேரம்தான் கண்ணி. ஒருமுறை பெரிய ஆண் ஒன்றுக்கு மேலே, இருநூறு மீற்றரில் வசதியாக உட்கார்ந்து, அது பக்கவாட்டில் திரும்பக் காத்திருந்தேன். எதிர் முகட்டின் நிழல் சரிவில் ஏறி வந்து என்னைத் தாண்டியது. பின்கழுத்தில் சில்லென்று பட்டது. அதற்குள் கரடி தலையைத் தூக்கி, என்னைப் பார்க்காமலே, காட்டுக்குள் போய்விட்டது. அன்று கற்றது: நிழல் வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து நடப்பது. நேரம் போதாதென்றால் அதே மட்டத்தில் பக்கவாட்டாக நெருங்குங்கள், அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள். கலையாத கரடி நல்ல மேய்ச்சலுக்கு மறுநாளோ அடுத்த நாளோ வரும். வாசனை பிடித்துக் கலைந்தது வருமென்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

இன்னொரு காரணம் எளிமையானது: இடத்தைத் தொலைத்துவிடுவது. இந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரிந்த வளைவு, பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வேறு ஊராகிவிடும். கிளம்புமுன் கைபேசியில் சரிவைப் படம் பிடித்து, கரடிக்குப் பக்கத்தில் தனித்து நிற்கும் மரம், வெளிறிய பாறை என்று இரண்டு அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மே கடைசியில் திடீரென்று எல்லாம் மாறிவிட்டது

மாறித்தான் இருக்கும். மே கடைசியிலிருந்து ஜூலைவரை இணைசேரும் காலம். மேய்ச்சல் கணக்கைப் பெரிய ஆண்கள் மறந்துவிடுகின்றன. பெண்ணின் வாசனையைத் தேடி மலை விட்டு மலை நடக்கின்றன. நேற்றுக் கண்ட ஆண் இன்று பதினைந்து கிலோமீற்றர் தள்ளி நிற்கலாம். இந்த நேரத்தில் தேட வேண்டியது தனியாக மேயும் பெண் கரடியை. அது இருக்கும் சரிவை விட்டு நகராதீர்கள், ஆண் தானாக வந்து சேரும். நடுப்பகலிலும் நடக்கும் என்பதால் பின்னேரம்தான் என்ற என் பழைய விதியும் இப்போது செல்லாது.

இதே நாட்களில் மான் கன்றுகளும், மூஸ் என்ற பெரிய மானினத்தின் கன்றுகளும் பிறக்கின்றன. புல்லை விட்டுக் கன்று தேடும் கரடிகளும் உண்டு. கன்றின் கதறலைப் போல ஒலி எழுப்பும் ஊதல் வேலை செய்வது இப்போதுதான். நிறுத்தாமல் ஊத வேண்டும். நிறுத்தினால் கரடிக்கு ஆர்வம் போய்விடும். தனியாகப் போய் ஊத வேண்டாம். பசியோடு உங்களைத் தேடி வரும்படி ஒரு கரடியை அழைக்கிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். முதுகைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

பாதையோரத்தில் சின்னக் கரடிகள் திடீரென்று அதிகமாகத் தெரிவதும் இப்போதுதான். தாய் விரட்டிவிட்ட, ஒன்றரை வயதுப் பிள்ளைகள் அவை. அவற்றைக் கண்டு "இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ வேண்டாம். சட்டப்படி அவை உங்களுக்கு இல்லை.

அறிகுறி: கரடி கிடைத்துவிட்டது, ஆனால் சுடலாமா என்று தெரியவில்லை

தெரியவில்லையென்றால் சுடாதீர்கள். மற்ற எல்லாப் பிழைகளையும் அடுத்த வாரம் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது.

முதல் கேள்வி: இது கருங்கரடிதானா? கம்லூப்ஸுக்கு வடக்கே போகப் போகக் கிரிஸ்லி என்ற வேறு இனக் கரடியும் உண்டு, கிரிஸ்லி வேட்டை 2017 டிசம்பரில் மூடப்பட்டது. நிறத்தை நம்பவே கூடாது. கருங்கரடி பழுப்பிலும் இலவங்கப்பட்டை நிறத்திலும் வரும், கிரிஸ்லி கறுப்பாகவும் இருக்கும். தோளில் திமில் மாதிரி மேடு, நடுவில் குழிந்த முகம், முன்காலில் விரலளவு நீண்ட நகம் என்றால் கிரிஸ்லி. நேரான மூக்குத்தண்டு, எடுப்பான காது, வளைந்த குட்டை நகம், முதுகின் உயரமான இடம் இடுப்புப் பக்கம் என்றால் கருங்கரடி. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும். தடத்தில் பார்க்க: முன்பாதத்தின் மேல் விளிம்பையும் பெருவிரலின் அடியையும் தொட்டு ஒரு கோடு இழுங்கள். சுண்டுவிரலில் பாதிக்கு மேல் கோட்டுக்கு மேலே நின்றால் கிரிஸ்லி என்று சந்தேகப்படுங்கள். கோடு சுண்டுவிரலின் மேல்பாதியை வெட்டினால் கருங்கரடி. மத்தியக் கரையோரத்தின் வெள்ளைக் கெர்மோட் கரடியும், வடமேற்கின் நீலச் சாயல் பனியாற்றுக் கரடியும் கருங்கரடி இனம்தான், ஆனால் அவற்றைத் தொடக் கூடாது.

இரண்டாவது: குட்டி இருக்கிறதா? இரண்டு வயதுக்குக் குறைந்த கரடியையோ அதனோடு சேர்ந்து திரியும் எந்தக் கரடியையோ சுடுவது குற்றம். தாய் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு நூறு மீற்றர் தள்ளி மேய வரும். ஆகவே தனியாகத் தெரியும் கரடியை அரை மணி நேரமாவது பாருங்கள். அடிக்கடி ஒரே மரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தால், அந்த மரத்தை நீங்களும் பாருங்கள்.

மூன்றாவது, அளவு. வசந்தத்தில் எல்லாக் கரடியும் முதலில் பெரிதாகத்தான் தெரியும். காது பெரிதாக, தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றால் இளசு. காது சின்னதாக, பக்கவாட்டில் ஒதுங்கி, நடை கொஞ்சம் அசைந்து அசைந்து யாருக்கும் வழிவிடாத தோரணையில் இருந்தால் பெரிய ஆண். பின்புறத்தையும் பாருங்கள்: ஜூனில் மரத்தில் உரசி உரசி மயிர் தேய்ந்திருக்கும், தோல் வேண்டுமென்பவர்களுக்கு ஏமாற்றம்.

சுட்டபின் அங்கேயே கருங்கரடிக்கான உரிமச் சீட்டைச் செல்லாததாக்க வேண்டும். உண்ணத் தகுந்த இறைச்சியை விட்டுவிட்டு வருவது குற்றம். பித்தப்பையை வைத்திருப்பதே குற்றம்; "நாட்டு மருந்துக்கு நல்ல விலை" என்று யாராவது காதில் ஓதினால் அந்த ஆளோடு மறுமுறை போகாதீர்கள்.

அறிகுறி: இறைச்சி வந்தது, வீட்டில் யாரும் தொடவில்லை

எங்கள் வீட்டில் முதல் ஆண்டு நடந்தது இதுதான். பிழை என்னுடையது. கொழுப்பைச் சரியாக நீக்காமல் உறைய வைத்துவிட்டேன். நாற்றம் கொழுப்பில்தான் ஏறுகிறது. தோலை உடனே உரித்து, காற்றுப் படும்படி தொங்கவிட்டு ஆற வைத்து, வெளிக்கொழுப்பை முழுக்கச் சீவிவிடுங்கள். புல் தின்ற வசந்தக் கரடியின் இறைச்சி இலையுதிர்காலத்தில் மீன் தின்ற கரையோரக் கரடியினது போல வாடை அடிப்பதில்லை.

ஆனால் மாட்டிறைச்சி மாதிரி நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடும் யோசனை வேண்டாம். கரடித் தசையில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். வடக்கத்திய வகை உறைபனியையும் தாங்கும், ஆகவே உறைபெட்டியில் எத்தனை மாதம் வைத்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும். நம் சமையலுக்கு இது கஷ்டமே இல்லை. மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகும் பிரட்டல்கறிக்காகவே பிறந்த இறைச்சி அது, மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். அப்படியும் பெரிய துண்டுகளாகப் போட்டால் தடித்த துண்டொன்றின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டே அடுப்பை அணையுங்கள்.